பின்வரிசைக்குக் கேட்கவில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் உதவிப் போதகர் அவர்களே, சபை மூப்பர்களே, முதல் வரிசையில் துயரத்தோடு இருக்கும் போதகரம்மா அவர்களே, பின்வரிசை வரை நிறைந்திருக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாற்பது ஆண்டுகள் செய்தியாளனாக இருந்தவன் நான். பார்த்ததை மட்டும் சொல்லிப் பழக்கம். சற்றுமுன் பேசிய மூப்பர், நேற்று நாம் அடக்கம் செய்த நம் போதகர் ஐயாவை 'விடுதலையின் தூதர்' என்றார். உண்மை! "கிறிஸ்து கழுவின பாவத்தை மறுபடி தேடுகிறவன் சாக்கடைக்குள் கை விடுகிறவன்" என்று இந்தப் பீடத்தில் எத்தனை முறை முழங்கினார்! கேட்டு அழாதவர் யார்? குடியை விட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களில் நானும் ஒருவன்.

ஆண்டுக்கு ஒரு ஞாயிறை அவர் 'விடுதலை ஞாயிறு' என்று வைத்தார். மன்னிப்புப் பெற்றவர்கள் அன்று மைக் முன்னால் நின்று தங்கள் பழைய பாவத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்த ஆண்டு அந்த ஞாயிறன்று வெளியூர் போய்விடுவார்கள். நம் தையல்காரம்மா போகவில்லை. கூப்பிட்டால் வருவார், அதனால் கூப்பிட்டோம். பதினேழு ஆண்டுகள்!

படுக்கையில் கிடந்த மாமியார்மேல் கோபம் வந்து, ஒரு நாள் முழுக்கச் சோறு கொடுக்காமல் இருந்துவிட்டார். அந்த வாரமே மாமியார் இறந்துபோனார். இதுதான் அந்தப் பாவம். ஒவ்வொரு ஆண்டும் அவர் வாயைத் திறந்ததும் ஐயா பக்கத்தில் வந்து நிற்பார். "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லும்மா, பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல." அவர் சத்தமாகச் சொல்வார். அவருடைய மகள் பத்து வயதில் முதல் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். பள்ளியில் அவளுக்குப் 'பட்டினிக்காரி மக' என்று பெயர் விழுந்தது. பதினாறு வயதில் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

சபை இதழில் பதினேழு முறையும் அதை எழுதியது யார்? நான்தான். ஒரு முறை, தலைப்பு சுருக்கென்று தைக்கவில்லையே என்று அரை நாள் யோசித்தேன்.

போன வாரம் மருத்துவமனையில் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு, தம் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். எனக்குக் காது சற்று மந்தம். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க ஐயா" என்றேன்.

வாயில் விரலை வைத்தார். "மெதுவாப்பா... பக்கத்துக் கட்டில்காரர் காதுல விழுந்துடப்போவுது. இதழ்ல கிதழ்ல போட்டுடாதே."

போடமாட்டேன். போதகரம்மா, பயப்படாதீர்கள். சிலுவை அவருடைய பாவத்தையும் தீர்த்துவிட்டது என்றே நம்புகிறேன். அவருக்கு அது மைக் இல்லாமல் தீர்ந்தது, அவ்வளவுதான்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் என் உரைக்கு அடுத்து, 'சாட்சி: தையல்காரம்மா' என்று அச்சடித்திருக்கிறீர்கள். ஐயாவின் பணி தொடர வேண்டுமாம்! வாசலில் அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "அவருதான் போயிட்டாரேண்ணே, இன்னிக்கும் நான் சொல்லணுமா?" செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன். பதிலை இப்போது சொல்கிறேன்.

ஐயா பிரசங்கித்ததைத் தொடர்வோம். செய்ததை நேற்றே அவரோடு புதைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இதுவே என் உறுதிமொழி. அந்தச் 'சாட்சி' வரியை நிரலிலிருந்து என் பேனாவாலேயே அடிக்கிறேன்.

எழுந்திருக்காதீர்கள் அம்மா, உட்காருங்கள். நீங்கள் முதல் முறை அழுத அன்றே அது மன்னிக்கப்பட்டுவிட்டது.

பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்டதா?