பலகை இடுக்கில் பவுடர்

அக்கா: தேய்க்காதடா. ஒத்தி எடு. தேய்ச்சா மரத்தரைக்குள்ள இன்னும் இறங்கும்.

தம்பி: காலையிலேர்ந்து ஒத்திக்கிட்டுத்தான் இருக்கேன். மூத்திர நாத்தம் போவேனாங்குது.

அக்கா: சோடா உப்பு தூவினியா?

தம்பி: தூவினேன். மேலயே வினிகரும் ஊத்தினேன்.

அக்கா: ரெண்டையும் ஒண்ணாவா? கிழிஞ்சது. பொங்கிட்டு வெறும் தண்ணியாப் போயிருக்கும்.

தம்பி: நீதான் இதுல கைதேர்ந்தவளாச்சே, சொல்லேன்.

அக்கா: எல்லாம் எங்க பூனை கத்துக்கொடுத்த வித்தை. மருந்துக்கடையில புண் கழுவ ஒரு தண்ணி குடுப்பாங்களே, நுரைச்சுக்கிட்டு வருமே... அதுல துணியை நனைச்சு கறை மேல போட்டு வை. கறுப்பு வெளுக்கும்.

தம்பி: இன்னிக்கே வெளுக்கணும். இல்லைன்னா நாளைக்கு நாயை யாருக்காவது குடுத்துடணும்னு உன் தம்பி பொண்டாட்டி கறாரா சொல்லிட்டா.

அக்கா: குட்டியிலேர்ந்து வளர்த்த நாயைப் போயி... அதுக்கு வெளியில போகத் தெரியாதா?

தம்பி: வயசாயிடுச்சுல்ல.

அக்கா: ஏன்டா, கீழ அதுக்குப் பின்னங்கால்ல கட்டுப் போட்டிருக்கே. இந்த மாடிக்கு எப்படி ஏறுச்சு?

தம்பி: நான்தான் தூக்கிட்டு வருவேன்.

அக்கா: எதுக்கு, ஒண்ணுக்குப் போக வைக்கவா?

தம்பி: அக்கா, வேலையைப் பாரேன்.

அக்கா: பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். கறை அப்பா கட்டில்லேர்ந்து பாத்ரூம் வாசல் வரைக்கும் நேரா போகுது. ஆமா, இந்தப் பலகை இடுக்குல என்ன வெள்ளையா?

தம்பி: சோடா உப்புதான்.

அக்கா: சோடா உப்பு இப்படி மணக்குமா? மோந்து பாரு.

தம்பி: அந்தத் துணியை இப்படிக் குடு, துடைச்சுடறேன்.

அக்கா: அப்பா குளிச்சிட்டுக் கழுத்துல போட்டுக்குவாரே, அந்தப் பவுடர். நாய் பவுடர் போடுமாடா?

தம்பி: மெதுவா பேசு. பால்கனியிலதான் உட்கார்ந்திருக்கார்.

அக்கா: காதுல விழாது. சொல்லு.

தம்பி: எழுந்து போறதுக்குள்ள அவரால அடக்க முடியலைக்கா. பவுடரைக் கொட்டி மறைச்சு வைக்கிறார். ஒருநாள் இவ, என்ன நாத்தம்னு கேட்டா. அவர் முகத்தைப் பார்த்தேன்... நாய்தான்னு வாயில வந்துடுச்சு.

அக்கா: அவர் என்ன சொன்னார்?

தம்பி: ஆமாம்மா, நாய்தான்னார். அன்னிக்கு டீக்குக் குடுத்த பிஸ்கட்டை எல்லாம் கீழ போய் அதுக்கே போட்டார்.

அக்கா: அவகிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமேடா. அவ ஒண்ணும் பொல்லாதவ இல்லையே.

தம்பி: தெரிஞ்சா ரொம்ப பரிவா நடந்துக்குவா. அதைத்தான் அவர் தாங்கமாட்டார்.

அக்கா: அதுக்காக வாயில்லா ஜீவனைத் துரத்துவியா? நாய் எங்கயும் போக வேண்டாம். அவகிட்ட நான் பேசிக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்துல ராத்திரிக்கு ஒரு பாத்திரம் வெச்சா தீர்ந்தது. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காம இருக்கணும், அவளுக்கு அது வரும்.

தம்பி: நீ சுலபமா சொல்றே. போன வருஷம் அப்பா உன் வீட்டுல இருந்தப்போ, உனக்கு இந்தத் தொல்லை எல்லாம் இல்லை. நாறுனதுகூட உன் பூனையாலதான். ஆமா... நான் எத்தனை தடவை வந்திருக்கேன், அந்தப் பூனை ஒருநாள்கூட கண்ணுல படலையே. எங்க அது?

அக்கா: என் வீட்டுல ஏதுடா பூனை?