பள்ளத்துக்கு எட்டாத ரேடியோ

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் சொன்னாள்: "ஒங்க ரேடியோ மேட்டுல மட்டுந்தான் பேசுது, தம்பி."

அவள் பக்கத்தில் இருந்த இளைஞர் மடியில் வோக்கிடோக்கிகள் நிறைந்த பை.

"காலையில பேர் கூப்புடுற பெரட்டுக் களம், தேயிலை பெக்டரி, பங்களா, எல்லா எடத்துலயும் பேசிப் பாத்துட்டுத்தானே அக்கா குடுத்தோம்?"

"அங்கயெல்லாம் சத்தம் போட்டாலே ஆள் வந்துருமே. நாங்க கொழுந்து எடுக்கிறது பள்ளத்துல. அன்னைக்கி குளவி கொட்டுனப்ப கங்காணி கூப்புட்டுக்கிட்டே இருந்தாரு. இரைச்சல் மட்டுந்தான் வந்துச்சு. மேட்டுக்கு ஏறி ஓடிப் பேசுன பெறகுதான் லொறி வந்துச்சு. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே, கொட்டு வாங்குன செல்வி செத்துப் போயிட்டா."

இளைஞர் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார்.

"எதிர் மலையில இன்னொரு சிக்னல் கம்பம் நட்டா பள்ளத்துக்கும் எட்டும். அதுக்குத்தான் இப்ப வாரேன். எங்கெங்க நின்னு பேசிப் பாக்கணும்னு சொல்லுங்க அக்கா, எழுதிக்கிறேன்."

"எழுத வேணாம். குளவிக்குப் பயந்து அந்தப் பள்ளத்துக்கு இன்னும் யாரும் எறங்கல. செல்வி கூடை அங்கதான் கெடக்கு. அதுக்குப் பக்கத்துல நின்னு பேசிப் பாருங்க."