பத்மநாதன் அண்ணையின் நாற்பது விநாடிகள்

மேடையிலிருக்கும் பெரியோர்களே, சுவிஸின் இந்த ஆராவ் நகர மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணையின் துணைவியார் குணேஸ்வரி அக்கா, எல்லோருக்கும் வணக்கம். நான் சுஜீவா. நமது தொலைக்காட்சியில் பன்னிரண்டு ஆண்டுகள் பத்மநாதன் அண்ணையின் கீழ் படத்தொகுப்புச் செய்தவள். அவர் மாரடைப்பில் போன மறுநாளிலிருந்து அவர் கதிரையில் இருப்பவளும் நான்தான்.

நிகழ்ச்சி அதிபர்! ஒளிபரப்புச் செம்மல்! எத்தனை பட்டங்கள்! அத்தனையையும் அவரே எழுதித் தந்து எங்களை வாசிக்கச் சொன்னார். இறந்தவரைப் பற்றி நல்லதையே பேசவேண்டும் என்கிறீர்கள். பேசுகிறேன். அவர் நேரம் தவறாதவர்.

மரண அறிவித்தல் ஒன்றுக்கு நாற்பது விநாடி. அது அவர் போட்ட சட்டம். அதோ, பின்வரிசையில் இருக்கும் பரமேஸ்வரி அக்கா, கணவர் இறந்த மறுநாள் கலையகத்துக்கு வந்தார். "தம்பி, இவரின்ர கலியாணப் படம் ஒண்டும் போடேலுமோ?" என்று கேட்டார். அண்ணை மணிக்கூட்டைக் காட்டினார். "நாப்பது விநாடி அக்கா. செத்தவர் இனி எங்க போகப்போறார்?" பக்கத்தில் இருந்த நான் சிரித்தேன். ஓம், சிரித்தேன். அந்தப் படத்தை வெட்டியதும் நான்தான்.

யாதவியை உங்களில் யாருக்குத் தெரியாது? உங்கள் வீட்டுச் சாவுகளையெல்லாம் வாசித்தவள். டிராமில் அவளைக் கண்டால் தள்ளிப்போய் இருப்பீர்கள். அவள் எதற்காக எங்களிடம் வந்தாள், தெரியுமா? ஹெவி மெட்டல் இசைக்காக! தன் விடுமுறைகளில் போட்ஸ்வானாவுக்குப் போனாள். கொளுத்தும் வெயிலில் தோல் உடுப்பும் ஆணி பதித்த பெல்ட்டுமாகக் கித்தார் அடிக்கும் மாட்டுப்பண்ணைக்காரர்களைப் படம்பிடித்தாள். அங்கோலா, கென்யா என்று அலைந்து பதின்மூன்று பாகங்களில் ஓர் ஆவணப்படம் செய்தாள். நைரோபியில் ஒரு தொலைக்காட்சி அதை இரண்டு தடவை ஒளிபரப்பிவிட்டது. இங்கே?

சனிக்கிழமை எட்டு மணிக்கு முதலாம் பாகம் என்று அண்ணை சொல்லியிருந்தார். கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு மையுமாக வந்து நின்றாள் பிள்ளை. அண்ணை மேலும் கீழும் பார்த்தார். "கறுப்பிலதானே வந்திருக்கிறாய்? அப்ப மரண அறிவித்தலை வாசி. உந்தச் சத்தத்தை அடுத்த கிழமை போடுவம்."

அடுத்த கிழமை! நான்கு ஆண்டுகள் அடுத்த கிழமை! ஒவ்வொரு சனியும் இன்றைக்குப் போடுவார் என்று நம்பி அவள் கறுப்பிலேயே வந்தாள். ஒவ்வொரு சனியும் உங்கள் சாவுகளை வாசித்துவிட்டுப் போனாள். நீங்களோ, பிள்ளை என்ன உருக்கமாக வாசிக்கிறாள் என்று கடிதம் போட்டீர்கள்.

இன்றும் சனிக்கிழமை. இப்போது எட்டுப் பத்து. இந்தக் கமராவைத் திரும்பிப் பாருங்கள், நேரலை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறதா? எட்டு மணிக்கு யாதவி அண்ணையின் மரண அறிவித்தலை வாசித்தாள். நாற்பது விநாடி. கலியாணப் படம் இல்லை. அது முடிந்ததும் சூரிச்சிலும் லா ஷோ-து-ஃபோனிலும் உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் அவளுடைய முதலாம் பாகம் ஓடத் தொடங்கிவிட்டது.

குணேஸ்வரி அக்கா, நேற்று நீங்கள் தொலைபேசியில் கேட்டீர்கள்: "சுஜீவா, அவரின்ர கூட்டத்தை முழுசா லைவ்வாப் போடுவியள்தானே?" அண்ணையின் பணியை அணுவும் பிசகாமல் தொடர்வேன் என்று இந்த அவையின் முன் உறுதி கூறி, அவருடைய சொல்லாலேயே உங்களுக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

அடுத்த கிழமை போடுவம், அக்கா.