இரண்டு நாடுகள் பொறுப்பெடுத்த சிஞ்ஞோரா

பலெர்மோவில் தபால்காரர் பதினொரு மணிக்கு முன்னர் வருவதில்லை. அது எனக்கு வசதி. அதற்குள் நான் வேலைக்கு நின்ற வீட்டு அம்மா, சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டி, கோப்பி கொடுத்து, போர்கோ வெக்கியோச் சந்தையில் மீனும் வாங்கி வந்துவிடுவேன்.

நீங்கள் ஆறுதலாகக் கேட்கிறீர்கள், நானும் ஆறுதலாகச் சொல்கிறேன். என் பெயர் அகஸ்ரீனா. மன்னார், பேசாலை. வயது ஐம்பத்தெட்டு. எனக்கு இத்தாலியன் நன்றாகத் தெரியும், ஆனாலும் இதைத் தமிழில் சொல்லத்தான் விருப்பம். தம்பி விமலராஜ் மொழிபெயர்க்கட்டும். அதற்குத்தானே பொலிஸ்காரர் நீங்கள் அவரைக் கூப்பிட்டது.

சிஞ்ஞோரா எடித் ஒஸ்திரியாக்காரி. இன்ஸ்புறூக்கில் முப்பத்துநான்கு வருடம் ஆசிரியை. பென்சன் எடுத்ததும் கடல் பார்த்துக்கொண்டு வாழலாம் என்று கணவரோடு இங்கே வந்தார். கணவர் போய்ச் சேர்ந்தார், கடல் மிஞ்சியது. அவருக்குக் கண் மங்கிய பிறகு நான் அந்த வீட்டுக்குப் போனேன். ஏழு வருடம் இருந்தேன்.

அவருடைய வைத்தியத்துக்கு ஒரு படிவம் இருந்தது. இங்கே மருந்து, இங்கே டொக்டர், செலவுக் கணக்கு ஒஸ்திரியாவுக்குப் போகும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே. பக்கத்து நாடுகளும் அப்படித்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒழுங்கான ஏற்பாடு.

போன மாசி மாதம் டொக்டர் இருதய வால்வு மாற்ற வேண்டும் என்றார். இங்கே வரிசை நீளம். சிஞ்ஞோராவின் பெறாமகள் கத்ரின், அக்காவின் பிள்ளை, இன்ஸ்புறூக்கில் இருக்கிறாள். அங்கே வந்து செய்யலாமா என்று ஒஸ்திரியாக் காப்புறுதிக்காரருக்கு எழுதிக் கேட்கச் சொன்னாள். நான்தான் எழுதினேன். பங்குனியில் பதில் வந்தது. கடிதத்துக்கு மேலே போனைப் பிடித்தால் ஜெர்மன் தமிழாகிவிடும், உங்களுக்குத் தெரியும். இங்கே வாழ்ந்தாலும் பென்சன் தரும் நாட்டில் அவர் வைத்தியம் பார்க்கலாம், தனி அனுமதி தேவையில்லை என்று எழுதியிருந்தது.

"என்ன எழுதியிருக்கு?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

"ஏலாதாம் சிஞ்ஞோரா. உங்களை இத்தாலியிட்ட ஒப்படைச்சாச்சாம். இஞ்சைதானாம் செய்யவேணும்."

அவர் அழவில்லை. முப்பத்துநான்கு வருடம் காப்புறுதிக் காசு கட்டினேனே என்று மட்டும் சொன்னார். எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவருக்குப் பிடித்த சூப் வைத்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. இந்த ஊரில் கிழவர்களுக்கா பஞ்சம்? இவருக்கு முன்னர் ஒரு அம்மாவை ஐந்து வருடம் பார்த்தேன். அவர் செத்து நாலாம் நாள் மகன் வந்து அறையை ஒழிக்கச் சொன்னான். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறையில் நாலு பேரோடு படுத்தேன். என் மகள் ஜெனுஷா லண்டனில் இருக்கிறாள். நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் ஒரு மெசேஜ் போடுவாள். சிஞ்ஞோரா இன்ஸ்புறூக் போனால் கத்ரின் திருப்பி அனுப்பமாட்டாள். அது எனக்குத் தெரியும். ஒரு மனிசி இன்னொரு தடவை அப்படி வெளியே நிற்க ஏலாது.

பிறகு நடந்ததெல்லாம் சின்ன வேலைகள். கத்ரின் முன்னரே கேட்டு வைத்திருந்ததால் இன்ஸ்புறூக் ஆஸ்பத்திரி வைகாசியில் நாள் குறித்து அனுப்பியது. பலெர்மோவில் செய்யப்போகிறார், நன்றி என்று பதில் எழுதினேன். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் சிஞ்ஞோரா கையெழுத்துப் போட்டார். கத்ரினுக்கும் அதையே சொன்னேன். அவள் போன் எடுக்கும்போதெல்லாம் சின்னம்மா படுத்திருக்கிறார் என்றேன். ஆனியில் இங்குள்ள ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிட்டார்கள். கட்டில் கிடைத்துவிட்டதாம். சுகமாகி எழும்பினால் பயணம் போகத்தானே கேட்பார்? அவர் ஒஸ்திரியாவுக்குப் போய்விட்டார் என்றேன். அந்தப் பெண் சந்தோஷமாகப் பெயரை வெட்டினாள். அங்கே கேட்டவர்களுக்கு இங்கே, இங்கே கேட்டவர்களுக்கு அங்கே. ஒருவரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

புரட்டாதியில் அவர் செத்தார். அடக்கத்துக்கு வந்த கத்ரின் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. கடதாசிகளைக் காட்டு என்றாள். நானே கோப்பு முழுவதையும் எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் பிளாஸ்ரிக் உறையில், திகதி வாரியாக. ஒரு தாள் குறையாது. அந்தக் கடிதங்களும் அதற்குள்தான் இருந்தன.

நேற்று விமலராஜும் அதைத்தான் கேட்டார். "ஏன் அக்கா, அதுகளையாவது கிழிச்சு எறிஞ்சிருக்கலாமே?"

"சீல் குத்தின கடதாசியை ஆர் தம்பி கிழிக்கிறது?" என்றேன். ஒரு பழைய தாள் இல்லாமல் என் வதிவிட அனுமதி, பெர்மெஸ்ஸோ, இரண்டு வருடம் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் இழுபட்டது. எங்கள் ஆட்களின் வீடுகளில் கேஸ் பில்கூட பத்து வருடம் கட்டிலுக்குக் கீழே பெட்டிக்குள் கிடக்கும். கிழிக்க எனக்குக் கை வரவில்லை. யோசிக்கக்கூட இல்லை.

ஓம், நான்தான் செய்தேன். இரண்டு நாடும் சம்மதித்த வைத்தியத்தை நான்தான் தடுத்தேன். செய்தால் பிழைப்பார் என்று டொக்டர் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவரை நான் ஒருநாளும் தனியே விடவில்லை. அதையும் எழுதுங்கள்.

கடைசி நாள் காலையில் மூச்சு வாங்கிக்கொண்டு, கத்ரினோடு கதைக்கவேணும் என்றார். போனை எடுத்து, எண்ணை அழுத்தாமல் அவர் காதில் வைத்தேன். கனநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்து, "எனக்கு உன்னை விட்டால் ஒருவரும் இல்லை" என்றார். ஏழு வருடத்தில் அதுதான் முதல் தடவை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதை அவராகத்தான் சொன்னார். நான் சொல்லவைக்கவில்லை.