நாற்பத்தாறு டிகிரி

பெயர்: வெர்னா ஸ்டால்கப். வயது: 61. கணவர்: காலஞ்சென்ற க்ளைட் ஸ்டால்கப். தொழில்: பள்ளிப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு. முகவரி: மனை எண் 14, க்ரியோசோட் சாலை, மோஹாவி பாலைவனம், கலிபோர்னியா. பதிவான இடமும் நேரமும்: ஷெரிஃபின் கிளை அலுவலகம், ஜூன் 15, ஞாயிறு, காலை 11.10. பதிவு செய்தவர்: துணை ஷெரிஃப் பராகன்.

நான் மேற்கண்ட முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். இருபத்தாறு ஆண்டுகளாக, பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருக்கிறேன். நேற்று இறந்துபோன ஆர்வல் நீஸ், வயது 72, என்பவரை எனக்கு இருபது ஆண்டுகளாகத் தெரியும். ராய்ஸ் டக்வொர்த் என்பவனையும் தெரியும். தெரியாமலே இருந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். 'அவர்' என்று எழுதட்டுமா என அதிகாரி கேட்டார். 'அவன்' என்றே எழுதச் சொன்னேன். ஆர்வல் செத்தது ராய்ஸ் சொன்ன பொய்யால்தான், அதை முதலில் எழுதுங்கள் என்றேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லும்படி அதிகாரி கேட்டுக்கொண்டதால் வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் ஹாம் ரேடியோ கிளப்பில் மாதம் ஒரு சனிக்கிழமை வேட்டை நடக்கும். ஒருவர் சிறிய டிரான்ஸ்மிட்டரோடு பாலைவனத்தில் எங்காவது போய் ஒளிந்துகொள்வார். அதிலிருந்து விட்டு விட்டு ஒரு சத்தம் வரும்; அதில் அவர் பேசவும் முடியும், ஆனால் நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. மற்றவர்கள் வண்டிக் கூரையில் உள்ள ஆன்டெனாவைத் திருப்பி, சத்தம் எந்தத் திசையில் பலமாக வருகிறதோ அந்தத் திசைக்கு வரைபடத்தில் கோடு போடுவோம். ஒரு கோடு மட்டும் இருந்தால் ஆள் அதில் எந்தப் புள்ளியில் இருக்கிறார் என்று தெரியாது. வேறோர் இடத்திலிருந்து இன்னொரு கோடு போட்டால் இரண்டும் வெட்டும் இடத்தில் ஆள் இருப்பார். முந்திப் போய்ச் சேர்ந்தவருக்கு வெற்றி கிடையாது. மிகக் குறைந்த மைல் ஓட்டி வந்தவருக்குத்தான் வெற்றி. அதனால் எங்களில் யாரும் தேவையில்லாமல் சக்கரத்தை உருட்ட மாட்டோம். தன் கோட்டின் எண்ணை, அதாவது அது வடக்கிலிருந்து எத்தனை டிகிரி என்பதை, ஒருவர் மற்றவரிடம் சொல்லவும் மாட்டோம்.

நேற்று காலை பத்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் கூடினோம். வேட்டைக்கு வந்தது இரண்டே வண்டிகள், என்னுடையதும் ராய்ஸுடையதும். வெயிலுக்குப் பயந்து மற்றவர்கள் வரவில்லை. ஒளியப் போகிறவர் துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது விதி. துணையாள் வராததால் ஆர்வல் விடியற்காலையில் தனியாகவே போய்விட்டிருந்தார். மைல் மீட்டர்களைக் குறித்துக்கொண்டபோது ராய்ஸ் என் வண்டியைச் சுற்றி வந்து பின்சக்கரத்தை உதைத்தான்.

"என்ன வெர்னா, காத்து ரொம்பத் தூக்கலா இருக்கு? டயரு உப்பினா மீட்டரு கம்மியா காட்டும்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

"உன் பொண்டாட்டிதான் சொன்னா. உன்னை விட்டு ஓடுறப்ப அதைத்தான் சொல்லிட்டு ஓடினா."

இதை எழுத வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். எழுதச் சொன்னேன். நான்கு வருடங்களுக்கு முன்பு அரை மைல் வித்தியாசத்தில் நான் ஜெயித்ததற்கு, டயரை மாற்றி ஏமாற்றிவிட்டேன் என்று கிளப்பில் மனு கொடுத்தவன் அவன். அன்று முதல் அவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதன் பிறகு நான் பதினோரு மைல் ஓட்டி, வறண்ட ஏரிக்குத் தெற்கே உள்ள கணவாயில் ஏறி வண்டியை நிறுத்தினேன். மணி பன்னிரண்டு இருபது. ஆன்டெனாவைத் திருப்பியதில் அறுபத்து நான்கு டிகிரியில் சத்தம் தெளிவாக வந்தது. கோடு போட்டேன். இரண்டாவது கோட்டுக்கு ஏரியைச் சுற்றிக்கொண்டு வடக்குச் சரிவுக்குப் போக வேண்டும். அது ஒன்பது மைல். தொலைநோக்கியில் பார்த்தால் அந்த வடக்குச் சரிவில் ராய்ஸின் வெள்ளை வண்டி நிற்கிறது, அவனும் தொலைநோக்கியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு வேண்டிய கோடு அவனிடம், அவனுக்கு வேண்டியது என்னிடம். யார் முதலில் மைலைச் செலவழிக்கிறார்கள் பார்க்கலாம் என்று நான் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவனும் அசையவில்லை. நிழலிலேயே வெப்பமானி நூற்றுப் பன்னிரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது.

மணி ஒன்றே காலுக்குச் சத்தம் நின்று ஆர்வலின் குரல் வந்தது. அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"பாறை உருண்டுருச்சு. காலு அடியில மாட்டிக்கிச்சு. வேட்டை போதும், வாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்பதை அதிகாரிக்கு விளக்க வேண்டியிருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன்பு நான் ஒளிந்தபோது, என் வண்டியில் தீப்பிடித்துவிட்டது, நெடுஞ்சாலைச் சந்திப்புக்கு வாருங்கள் என்று ரேடியோவில் அலறினேன். எல்லாரையும் வீணாக ஓடவிட்டு மைலை ஏற்றுவதற்காக அப்படிச் செய்தேன். மற்றவர்கள் பாதி வழியிலேயே சந்தேகப்பட்டுத் திரும்பிவிட்டார்கள். ஆர்வல் மட்டும் நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு தீயணைப்புக் கருவியோடும் தண்ணீர்க் கேனோடும் வந்து நின்றார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இருக்கட்டும் தாயே, ஒரு நாளைக்கு இதை வட்டியோட திருப்பித் தரேன்" என்றார். அந்த வட்டிதான் இது என்று நினைத்தேன். அதோடு, மெய்யாகவே மாட்டிக்கொண்ட மனிதன் இன்ன இடம் என்று சொல்லாமல் இருப்பானா? அவர் இடத்தைச் சொல்லவே இல்லை.

அடுத்த நொடி ராய்ஸ் எங்கள் பேச்சு அலைவரிசையில் வந்தான்.

"கேட்டியா? உன் பழைய பாட்டை கிழவர் எடுத்து விடுறாரு."

"குருவை மிஞ்சின சிஷ்யன்."

"போயேன், காப்பாத்தேன். உனக்குத்தான் ரொம்ப இளகின மனசாச்சே."

"நான் கிளம்பினதும் நீ பின்னாடியே ஒட்டிக்கிட்டு வரலாம்னு பார்க்கிற. உன் பருப்பு இங்க வேகாதுடா."

அதன் பிறகு நான் கொண்டுவந்த சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட்டேன். ஐஸ் டீ குடித்தேன். இதையும் எழுதிக்கொள்ளலாம்.

மணி இரண்டு ஐந்துக்குச் சத்தம் மாறியது. விட்டு விட்டு வந்தது நின்று, இடைவெளி இல்லாமல் ஒரே நீளமாக வரத் தொடங்கியது. ஒளிந்திருப்பவன் எவனும் அப்படி விடமாட்டான். அது பேட்டரியைக் குடித்துவிடும், தேடுகிறவனுக்கும் வேலை சுலபமாகிவிடும். அது எனக்குத் தெரியும். இருபது வருடமாக இதே வேலையைச் செய்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று அதிகாரி கேட்டார். முப்பத்தைந்து நிமிடம்.

இரண்டு நாற்பதுக்கு ராய்ஸ் கூப்பிட்டான். அவன் குரலில் கிண்டல் இல்லை.

"வெர்னா, இது சரியாப் படல. உன் நம்பரைச் சொல்லு, நான் என்னோடதைச் சொல்றேன். ரெண்டு கோட்டையும் போட்டுட்டு ரெண்டு பேரும் போவோம்."

"நீ முதல்ல சொல்லு."

"ஏன், நீ சொன்னா என்ன குறைஞ்சு போயிருவ?"

"நீ சொன்னா என்ன குறையுது?"

இப்படியே ஐந்தாறு தடவை நடந்தது. கடைசியில் அவன் "தொண்ணூத்தெட்டு" என்றான். அதன் பிறகு நான் என் எண்ணைச் சொன்னேன்.

தொண்ணூற்றெட்டு என்பது பொய். அவனுடைய உண்மையான கோடு நூற்றுப் பதினேழு. நான் அதை நம்பி என் வரைபடத்தில் கோடு போட்டு, இரண்டும் வெட்டிய இடத்துக்கு வண்டியை விட்டேன். கிளம்பிச் சிறிது நேரத்தில், மூன்று மணிக்கு, சத்தம் தேய்ந்து நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது. அதன் பிறகு ஆன்டெனாவால் ஒரு பயனும் இல்லை, வரைபடத்தில் உள்ள கோடுகள் மட்டும்தான். பன்னிரண்டு மைல் மணலிலும் கல்லிலும் குலுங்கிக்கொண்டு போனேன். நான் போய்ச் சேர்ந்த பள்ளத்தாக்கில் ஒரு கழுதை விட்டைகூட இல்லை. ஆர்வல், ஆர்வல் என்று கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது. ராய்ஸ் என்னை ஏமாற்றிவிட்டான் என்று அப்போதுதான் உறைத்தது. கெடுவான் கேடு நினைப்பான் என்று வாய்விட்டே அவனைத் திட்டினேன்.

அதன் பிறகு வறண்ட ஏரிக்குத் திரும்பினேன். எதிரே அவன் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அவனும் வேறொரு பள்ளத்தாக்கில் தேடிவிட்டு வெறுங்கையோடு வருகிறான். இறங்கியதும் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"உன் நெசமான நம்பர் என்ன?"

"நூத்திப் பதினேழு." அவன் என் கையைத் தட்டிவிடவில்லை. "உன்னோடது?"

நான் சொன்னேன். இரண்டு வரைபடங்களையும் என் வண்டியின் முன்மூடிமேல் விரித்தோம். மூடி சுட்டது, காகிதத்தைக் கையால் அழுத்திப் பிடிக்க முடியவில்லை. கோடுகள் வெட்டிய இடம் ஒரு வறண்ட கிளை ஓடை தொடங்கும் இடம். நான் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவாயிலிருந்து எட்டு மைல். அரை மணி நேர வழி.

நான்கு பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆர்வல் இரண்டு பாறைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார். வலது கால் முட்டிக்குக் கீழே கல்லுக்கு அடியில் இருந்தது. அவருடைய வண்டி இருபது அடி தூரத்தில் நின்றது. அதன் பின்பக்கம் ஐந்து காலன் தண்ணீர்க் கேன் நிரம்பியிருந்தது. அவர் பக்கத்தில் டிரான்ஸ்மிட்டரும் மைக்கும் கிடந்தன. தோல் காய்ந்து சுட்டது, வியர்வை நின்றுபோயிருந்தது. நான் தண்ணீரால் அவர் தலையையும் உதட்டையும் நனைத்தேன். ராய்ஸ் கடப்பாறையால் கல்லை நகர்த்தினான். அதன் பிறகு உதவி கூப்பிட செல்போன் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு அவன் ஓடத் தயாரானபோது ஆர்வல் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார்.

"வந்துட்டீங்களா. எங்க இருக்கேன்னு சொல்லலையேன்னு திட்டியிருப்பீங்க. நீங்க ரெண்டு பேரு இருக்கறப்ப இடம் வேற சொல்லணுமான்னு விட்டுட்டேன்."

கண்டுபிடித்து வந்தவர்களிடம் ஒளிந்திருந்தவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதையும் அவர் கேட்டார்.

"எத்தனை மைலு?"

"நாற்பத்தொண்ணு" என்று ராய்ஸ் சொன்னான். "முப்பத்தாறு புள்ளி ரெண்டு" என்று நான் சொன்னேன்.

"அப்ப வெர்னாதான்" என்றார் ஆர்வல். அதன் பிறகு அவர் பேசவில்லை. ராய்ஸ் மேட்டுக்கு ஓடினான். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நிழல் விழும்படி உட்கார்ந்திருந்தேன். நான்கு முப்பத்தைந்து இருக்கும்போது மூச்சு நின்றுவிட்டது. ஹெலிகாப்டர் ஐந்து இரண்டுக்கு வந்தது.

அதிகாரி கேட்ட கேள்விகளுக்குச் சொல்வது: ராய்ஸும் நானும் குடித்திருக்கவில்லை. ஆர்வலுக்கும் எங்கள் இருவருக்கும் பகை எதுவும் இல்லை. பகை எனக்கும் ராய்ஸுக்கும்தான். நான் ராய்ஸிடம் ரேடியோவில் சொன்ன எண் நாற்பத்தாறு.

இத்துடன் வாக்குமூலம் முடிந்ததாக எழுதி, அதிகாரி எனக்கு முழுவதையும் படித்துக் காட்டினார். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, "மேடம், மேல அறுபத்து நாலுன்னு இருக்கு, இங்க நாற்பத்தாறுன்னு இருக்கு. நம்பர் திரும்பி விழுந்துருச்சு போல, திருத்திரட்டுமா?" என்று கேட்டார். திருப்பி எழுதியது அவர் இல்லை என்றேன். அப்படியானால் பதற்றத்தில் வாய் தவறி வந்ததா, ராய்ஸ் டக்வொர்த் காலையில் கொடுத்த வாக்குமூலத்தில் தன் எண்ணைப் பற்றி அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்றார். வாய் தவறியது என்று நானும் சொல்லலாம். இரண்டு எண்ணையும் பார்த்தால் யாரும் நம்புவார்கள். அப்படி நம்ப வேண்டும் என்றுதான் அந்த எண்ணையே தேர்ந்தெடுத்தேன். பின்னால் கேட்டால் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா. அவன் சொன்ன பொய் பத்தொன்பது டிகிரி, என்னுடையது பதினெட்டு. அவன் என்னைவிட ஒரு டிகிரி பெரிய பொய்யன், அவ்வளவுதான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

வாய் தவறவில்லை. திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மேலே உள்ள எல்லாவற்றையும் என்னிடம் படித்துக் காட்டினார்கள். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுயநினைவோடு சொன்னேன். எழுதியிருப்பது நான் சொன்னதுதான். நாற்பத்தாறு உட்பட.

(ஒப்பம்) வெர்னா ஸ்டால்கப்
என் முன்னிலையில்: துணை ஷெரிஃப் பராகன், பகல் 12.40