மூணு மணி நேர வேலை

வேலைய நான் விடலமா, அத மாத்தி எழுதுங்க. ஃபேக்டரிதான் என்னை விட்டுச்சு. சுங்கை பட்டாணியில கைக்குப் போடற ரப்பர் கிளவ் செய்யற ஃபேக்டரி, பதினெட்டு வருசம். கோவிட்ல மலேசியாவே கதவ சாத்திக்கிட்டு கெடந்தப்ப நாங்கதான் ராத்திரி பகலா ஓடினோம். டிவில எங்களுக்கு நன்றிலாம் சொன்னாங்க. அப்புறம் கிளவ் வெல விழுந்துச்சு, லைன் ஒண்ணொண்ணா நின்னுச்சு. ஒரு பேப்பர நீட்டி கையெழுத்துப் போடச் சொன்னாங்க. அவ்வளவுதான்.

பேரு அழகேசன். வயசு அம்பத்திரெண்டு. புள்ளிவிவர ஆபீஸ்ல இருந்து தமிழ்ப் பிள்ள வந்திருக்கீங்க, அதான் பேசறேன். வேற யாராச்சும் வந்திருந்தா கேட்டைத் தொறந்திருக்க மாட்டேன்லா.

வேலை தேடினேனாவா? நல்லா கேட்டீங்க. பொருளாதாரம் படுத்துருச்சு, இனிமே மக்களுக்கு வேலை தேடிக் குடுக்கறதுதான் அரசாங்கத்தோட மொத வேலைன்னு மந்திரி பேசுனாரு. நானும் என் வீட்டுக்காரி புஷ்பவள்ளியும் சோத்துத் தட்டோட உக்காந்து கேட்டோம். நம்பினேன்மா. போயி அவங்க நடத்துன கோர்ஸ்ல சேந்தேன். நாலு நாளு. என்னா சொல்லிக் குடுத்தாங்க தெரியுமா? இண்டர்வியூவுல எப்படி சிரிக்கிறதுன்னு. பல்லு தெரியணுமாம், ரொம்பத் தெரியக் கூடாதாம். தலை நரைச்ச ஆம்பளைங்க இருவது பேரு ஒருத்தன் மூஞ்சியப் பாத்து ஒருத்தன் இளிச்சோம். த்தூ.

பிச்சையும் வந்தான் அதுக்கு. என் லைன்ல கூட நின்னவன். பதினெட்டு வருசமும் ஒரே ஷிஃப்டு, ஒரே மோட்டர் சைக்கிள்ல போயி வந்தோம். ஆனா எங்கள யாருமா எடுப்பா? சின்ன வயசு ஆள எடுத்தா முதலாளிக்கு ஆறு மாசம் பாதிச் சம்பளம் அரசாங்கமே குடுக்குது. ஆறு மாசம் முடிஞ்சா அந்தப் பிள்ளையையும் அனுப்பிட்டு இன்னொண்ண எடுக்கறான். பேப்பர்ல ரெண்டு பேருக்கு வேலை குடுத்ததா வருது. செம்பனைத் தோட்டத்துல போயி கேட்டேன், வெளிநாட்டு ஆளுங்களே போதும்னுட்டாரு அங்க வேலை வாங்கற மண்டோரு.

என்னா? போன வாரம் ஒரு மணி நேரமாச்சும் சம்பளத்துக்கு வேலை செஞ்சேனாவா? ஒரு மணி நேரம் செஞ்சா வேலையில இருக்கறவன்னு சேத்துக்குவீங்களா? ஐயோ. சரி, நீங்க என்னமா பண்ணுவீங்க, குடுத்த கேள்விய கேக்கறீங்க.

மூணு மணி நேரம்னு எழுதிக்கோங்க.

சனிக்கிழமை மண்டபத்துல கம்பெனிங்க ஆளெடுக்கற வேலைச் சந்தை நடந்துச்சுல்ல, மந்திரி வந்தாரே, அங்கதான். ஏற்பாடு பண்ணுன கான்ட்ராக்டரு எனக்குத் தெரிஞ்ச ஆளு. ஒரு பச்சைச் சட்டையும் பேட்ஜும் குடுத்தாரு. மந்திரி பேசறப்ப மொத வரிசையில உக்காந்து கை தட்டணும். முடிஞ்சதும் ஒரு மேசைக்குப் பின்னால நின்னு வேலை கேட்டு வர்றவங்க ஃபைல வாங்கி அடுக்கணும். எந்தக் கம்பெனி மேசைன்னு கேட்டேன். கம்பெனி வரல அண்ணே, மேசை காலியா கெடந்தா போட்டோவுல நல்லா இருக்காதுன்னாரு.

நின்னேன்மா. வரிசை கதவத் தாண்டி வெயில் வரைக்கும் போச்சு. ஒரு அம்மா ரெண்டு கையாலயும் ஃபைல நீட்டுச்சு, கோயில்ல அர்ச்சனைத் தட்டு குடுக்கற மாதிரி. அதுக்குப் பின்னால பிச்சை. என்னப் பாத்ததும் அவன் மூஞ்சி மலந்துச்சு பாருங்க. டேய் அழகு, உனக்கு இங்கயே கெடச்சிருச்சாடான்னான். பின்னால நின்னவங்களுக்கெல்லாம் என்னைக் காட்டி, நம்ம ஆளு, நம்ம ஆளுன்னான். என் ஃபைல மேல வையிடான்னான்.

மேலதான் வச்சேன்.

மந்திரி ஏறுன காடி கெளம்பி பத்து நிமிசம் இருக்காது, கான்ட்ராக்டரு கறுப்புக் குப்பைப் பையோட வந்தாரு. எல்லாத்தையும் இதுல போட்டுக் கட்டிடுங்க அண்ணே, மண்டபத்துச் சாவிய குடுக்கணும்னாரு. போட்டேன். தொட்டியில வீச மட்டும் கை வரல. மோட்டர் சைக்கிள்ல வச்சு வீட்டுக்கு எடுத்தாந்துட்டேன். அந்தக் கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கு. வேணாம்மா, பாக்காதீங்க.

பிச்சைகிட்டயா? எப்படிச் சொல்றது? தினம் சாயந்தரம் வர்றான். எதாச்சும் தெரிஞ்சுச்சாடாங்கறான். புஷ்பவள்ளி தேத்தண்ணிய வச்சிட்டு என் மூஞ்சியப் பாக்காம உள்ள போயிடறா. நேத்து, கூப்பிடுவாங்கடா, ஃபோன கையிலயே வச்சிருன்னு சொல்லி அனுப்புனேன்.

இப்ப குளிக்கப் போனாலும் ஃபோன எடுத்துட்டுப் போறானாம்மா, அவன் பொண்டாட்டி சொல்லுது.