மூணு நாளா நார்மல்

நார்மலாம் சார், நார்மல்! மூணு நாளா இதே பாட்டு. ரத்தம் எடுத்தாச்சு, ஸ்கேன் எடுத்தாச்சு, நெஞ்சு பூரா ஒயரை ஒட்டி என்னை சுவிட்ச் போர்டு மாதிரி ஆக்கியாச்சு. ஒண்ணுமில்லேன்னா அனுப்பித் தொலைக்க வேண்டியதுதானே? இருங்க சார், போர்வைய அப்புறம் இழுத்துக்கலாம். நீங்க இந்த வார்டுக்கு இன்னிக்குத்தானே வந்தீங்க, கதை தெரியாது.

எல்லாம் என் பொண்ணு பண்ண வேலை. புள்ளியியல் படிச்சவ. அவனவன் புள்ளைங்க அப்பனுக்கு சட்டை வாங்கித் தரும். இவ ஒரு கைப்பட்டை வாங்கித் தந்தா. நாடிய எண்ணி அவ கம்ப்யூட்டருக்கு அனுப்புமாம். "மொத ரெண்டு வாரம் உங்க துடிப்பு வழக்கமா எப்படின்னு கத்துக்கும்ப்பா. அப்புறம் தும்மினா, படியேறினா ஒரு துள்ளு துள்ளுமே, அதுக்கெல்லாம் கத்தாது. தற்செயலா இப்படி வரவே வராதுங்கற அளவுக்கு மாறி, மாறினபடியே நின்னாத்தான் கத்தும்"னா. பெத்த அப்பனுக்கு சராசரி எடுக்கறா சார்!

மூணாவது வாரம் கத்திடுச்சு. நான் பாதிக் கன்னத்துல சோப்போட நிக்கறேன், வாசல்ல ஆம்புலன்ஸ்! சோப்போடயே தூக்கிட்டு வந்துட்டாங்க.

இங்க வந்து பாத்தா? கல்லு மாதிரி இருக்கேன். போன்ல அவளை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். "உன் கணக்கைத் தூக்கிக் குப்பையில போடு"ன்னேன். அழுதுட்டா. "மூணு தடவை சரிபார்த்துட்டேம்ப்பா, துடிப்பு நெஜமாவே மாறியிருக்கு"ங்கறா. பிடிவாதம்!

என்ன கேட்டீங்க? பட்டையா? நான் எங்க சார் கட்டினேன்! மொத நாளே அரிப்பு தாங்கல. கழட்டினா உடனே "ஏம்ப்பா கழட்டினீங்க"ன்னு போன் வரும். அதான், எங்க வீட்டுக்காரி கையில மாட்டி விட்டுட்டேன். வளையலோட வளையலா கெடக்கட்டும்னு. ஆம்புலன்ஸ் வந்ததும் வெடுக்குனு உருவி நான் மாட்டிக்கிட்டேன். பொண்ணுக்கு இன்னும் தெரியாது, ஹி ஹி...

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க?

இல்ல... அந்த ரெண்டு வாரமும் பட்டை எங்க வீட்டுக்காரி கையிலதான். அப்புறமும்... அவ கையிலதான்.

சார்... போன வாரம் துணி காயப்போடப் போனவ பாதிப் படியில உக்காந்துட்டா. "என்ன, சிம்மாசனமா?"ன்னு கிண்டல் பண்ணேன் சார். மூணு நாளா பஸ் புடிச்சு எனக்கு சாப்பாடு தூக்கிட்டு வர்றா. இங்க லிப்ட் வேற ரிப்பேரு. நாலு மாடி...

அந்த மணிய அமுக்குங்க சார், உங்க பக்கம்தான் இருக்கு! சிஸ்டர்! சிஸ்டர்!

ஏய், வந்துட்டியா... பையக் கீழ வை. எனக்குப் பசிக்கல. பேசாத, மூச்சு வாங்குது பாரு. வா, இப்படிப் படு. என் கட்டில்தான், படுன்னா படு! மிஷினா? நான் ஒயரைப் பிச்சுட்டேன்னு கத்துது, கத்தட்டும். சிஸ்டர், ஓடி வாங்க! நோயாளி நான் இல்ல, இவ!

சார், ஒரு உபகாரம்... நான் இவ கையப் புடிச்சிருக்கேன், விட மாட்டேன். இந்தாங்க போன், என் பொண்ணைக் கூப்பிடுங்க. அவ கணக்கு சரிதான்னு சொல்லுங்க.